டேட்டாபேஸ் போனால் டெஸ்க்டாப் என்னவாகும்? சிட்ரிக்ஸ் ஜென்டெஸ்க்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

மெய்நிகர் டெஸ்க்டாப் (மையச் சர்வரில் ஓடி, ஊழியரின் திரைக்கு வரும் டெஸ்க்டாப்) மென்பொருள் வாங்கப்போகும் அலுவலகங்களில் டேட்டாபேஸ் பற்றி எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை ஜிபி வேணும்?" என்பதுதான். அடுத்தது, "எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு போதுமா, இல்லை லைசென்ஸ் வாங்கணுமா?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு அந்த டேட்டாபேஸ் நின்றுபோனால் யாருக்கு டெஸ்க்டாப் திறக்கும், யாருக்குத் திறக்காது? இதற்கு விடை தெரிந்த பிறகுதான் ஜிபி கணக்குக்கே பொருள் வருகிறது.

இதை விளக்க, அத்தகைய மென்பொருளான சிட்ரிக்ஸ் ஜென்டெஸ்க்டாப்பைவிடப் (2018இல் பெயர் மாறியது) பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 2010 முதல் 2016 வரையிலான ஆறு ஆண்டுகளில் அந்த மென்பொருளுக்கும் அதன் டேட்டாபேஸுக்கும் உள்ள உறவு மூன்று முறை மாறியது. தேவைகள் பட்டியலில் பெரிய மாற்றம் தெரியவில்லை. நிர்வாகிகளின் தலையில் ஏறிய பொறுப்போ ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளைப் பின்தொடர்வதே இந்த ஆய்வு.

பழைய ஏற்பாடு

சர்வரில் ஓடும் செயலிகளைத் தொலைவிலிருந்து பயன்படுத்த உதவும் மென்பொருள் மெட்டாஃபிரேம் எக்ஸ்பி. 2001இல் அதனுடன் சிட்ரிக்ஸ் கொண்டுவந்த கட்டமைப்புக்கு ஐஎம்ஏ என்று பெயர். அந்த மென்பொருள் பின்னால் ஜென்ஆப் என்று பெயர் மாறி, 6.5 பதிப்பு வரை அந்தக் கட்டமைப்பே தொடர்ந்தது. அதில் டேட்டா ஸ்டோர் என்று ஒரு மைய டேட்டாபேஸ் உண்டு. எந்தச் செயலி எந்தச் சர்வரில் இருக்கிறது, யாருக்கு எதைத் திறக்க அனுமதி, என்ன விதிமுறை என்பது போன்ற அமைப்புத் தகவல்கள் அதில் இருக்கும். சிறிய இடங்களில் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் கோப்பே போதுமானதாக இருந்தது. பெரிய இடங்களில் எஸ்க்யூஎல் சர்வர் அல்லது ஆரக்கிள் வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பயனர் உள்நுழையும் நேரத்தில் யாரும் அந்த மைய டேட்டாபேஸைத் தொட வேண்டியதில்லை என்பது. ஒவ்வொரு சர்வரும் தனக்குத் தேவையான அமைப்புத் தகவலின் நகலைத் தன்னிடமே ஓர் ஆக்ஸஸ் கோப்பாக வைத்திருந்தது. அதுதான் லோக்கல் ஹோஸ்ட் கேஷ். எந்தச் சர்வரில் சுமை எவ்வளவு, யார் எங்கே உள்நுழைந்திருக்கிறார் என்ற நொடிக்கு நொடி மாறும் தகவல், டேட்டா கலெக்டர் என்ற ஒரு சர்வரின் நினைவகத்தில் இருந்தது. ஆகவே டேட்டா ஸ்டோர் விழுந்தால் நிர்வாகியால் எதையும் மாற்ற முடியாதே தவிர, ஊழியர்கள் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

குறைகளும் இருந்தன. உள்ளூர் நகல் கெட்டுப்போவது சகஜம். அந்தக் காலத்து ஜென்ஆப் நிர்வாகிகள் யாரைக் கேட்டாலும் டிஎஸ்மெயின்ட் கட்டளையை உடனே சொல்வார்கள். கெட்ட நகலை அழித்துப் புதிதாக உருவாக்கும் கட்டளை அது. டேட்டா கலெக்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறுவதிலும் ஒரு சுமை இருந்தது. ஆனாலும் டேட்டாபேஸை அவசரமற்ற பொருளாகப் பார்க்கும் பழக்கத்தை இந்தக் கட்டமைப்பு வளர்த்துவிட்டது. அந்தப் பழக்கம்தான் பின்னால் பலரைச் சிக்கலில் மாட்டியது.

எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தது

2010 டிசம்பரில் வந்த ஜென்டெஸ்க்டாப் 5 ஐஎம்ஏவைக் கைவிட்டது. புதிய கட்டமைப்பின் பெயர் எஃப்எம்ஏ. இதில் யாருக்கு எந்த டெஸ்க்டாப் என்று இணைத்துவிடும் கன்ட்ரோலர் சர்வர்கள் தங்களிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. அமைப்புத் தகவல், எந்த இயந்திரம் இப்போது தயாராக இருக்கிறது என்ற தகவல், யார் எங்கே உள்நுழைந்திருக்கிறார் என்ற தகவல் எல்லாமே ஒரு மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸுக்குள் போய்விட்டன. ஆரக்கிளுக்கு அதில் இடமில்லை.

இப்படிச் செய்ததற்கு நியாயமான காரணம் உண்டு. ஜென்ஆப் உலகில் சில நூறு சர்வர்களில் சில ஆயிரம் பேர் வேலை செய்வார்கள்; அந்தச் சர்வர்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மெய்நிகர் டெஸ்க்டாப்பிலோ ஒவ்வொருவருக்கும் ஓர் இயந்திரம். காலையில் ஆயிரக்கணக்கில் எழும், மாலையில் அணையும், ஒருவர் வெளியேறியதும் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். இவ்வளவு வேகமாக மாறும் நிலையைப் பல சர்வர்களின் நினைவகங்களுக்குள் ஒத்துப்போக வைப்பதைவிட, பரிவர்த்தனைகளைக் கையாளவே உருவான டேட்டாபேஸிடம் ஒப்படைப்பது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். கன்ட்ரோலர்கள் எல்லாம் சமம் ஆகிவிட்டன. ஒன்று செத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமா? டேட்டாபேஸின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

இதற்கான விலை என்ன என்று பார்க்க, ஒருவர் உள்நுழையும்போது நடப்பதைப் பின்தொடர்ந்தால் போதும். ஊழியர் தன் டெஸ்க்டாப் படத்தைச் சொடுக்குகிறார். பயனருக்கு அந்தப் படங்களைக் காட்டும் முகப்பான ஸ்டோர்ஃபிரன்ட் அந்தக் கோரிக்கையைக் கன்ட்ரோலரிடம் தருகிறது. இவருக்கு எந்தக் குழுவில் அனுமதி, அந்தக் குழுவில் எந்த இயந்திரம் காலியாக, பதிவான நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலர் டேட்டாபேஸைக் கேட்கிறது. ஓர் இயந்திரத்தை இவருக்கென்று குறித்து எழுதுகிறது. முகவரியைத் திருப்பி அனுப்புகிறது. இணைப்பு ஏற்பட்டதும் அதையும் எழுதுகிறது. இது தவிர, ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் இருக்கும் விடிஏ என்ற ஏஜென்ட் 5 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும். அதுவும் டேட்டாபேஸில் பதிவாகும். யாருமே வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த டேட்டாபேஸில் எழுத்து வேலை ஓயாததற்கு இதுவே காரணம்.

டேட்டாபேஸ் விழுந்தால்? ஏற்கெனவே டெஸ்க்டாப்பில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அவர்களின் இணைப்பு நேராக விடிஏவுக்குப் போகிறது. கன்ட்ரோலர் நடுவில் இல்லை. ஆனால் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. மதியம் சாப்பிடப் போகும்போது இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தாலும் அதே கதிதான். அவருடைய வேலை அங்கே அப்படியே திறந்திருக்கும், அதற்கு வழிகாட்ட ஆள் இருக்காது.

2013 வரை இது மெய்நிகர் டெஸ்க்டாப் வைத்திருந்தவர்களின் பிரச்சினையாக மட்டும் இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் வந்த ஜென்டெஸ்க்டாப் 7, ஜென்ஆப்பையும் எஃப்எம்ஏவுக்குள் இழுத்துக்கொண்டது. பத்தாண்டுக்கும் மேலாக டேட்டா ஸ்டோர் இல்லாமலும் சமாளிக்கலாம் என்று பழகியிருந்த ஜென்ஆப் நிர்வாகிகள், புதிய பதிப்பில் லோக்கல் ஹோஸ்ட் கேஷ் இல்லை என்பதைக் கண்டதும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் முழு நியாயம் இருந்தது. பழைய கட்டமைப்பு எதைத் தாங்கியதோ, அதைப் புதியது தாங்கவில்லை.

ஆபத்து தெரிந்தவர்கள் எதிர்த்தார்கள்; தெரியாமல் மாறியவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களாக இருந்தார்கள். டேட்டாபேஸ் என்ற வார்த்தை மாறவில்லை. ஏற்கெனவே எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தேவையும் மாறவில்லை. அதனால், ஏற்கெனவே இருந்த பொதுவான எஸ்க்யூஎல் சர்வரிலேயே, ஏற்கெனவே இருந்த பராமரிப்பு நேரத்திலேயே புதிய சைட் டேட்டாபேஸையும் (எஃப்எம்ஏவின் மைய டேட்டாபேஸ்) வைப்பது இயல்பாகத் தோன்றும். மாதம் ஒருமுறை இரவு 11 மணிக்குப் பேட்ச் போட்டு மறுதொடக்கம் செய்யும் சர்வர் அது என்று வையுங்கள். பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. 24 மணி நேரமும் ஷிப்ட் ஓடும் கால் சென்டரில், இரவு 11 மணிதான் பாதிப் பேர் உள்நுழையும் நேரம்.

முதல் ஒட்டு: கனெக்ஷன் லீசிங்

2014 செப்டம்பரில் 7.6 பதிப்பில் கனெக்ஷன் லீசிங் என்ற ஏற்பாடு வந்தது. ஒருவர் வெற்றிகரமாக ஒரு டெஸ்க்டாப்போடு இணைந்தால், அந்த இணைப்பு விவரம் ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பாக ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் சேமிக்கப்படும். டேட்டாபேஸ் போனால் கன்ட்ரோலர் அந்தக் கோப்பைப் பார்த்து, கடைசியாகப் போன இடத்துக்கே அவரை அனுப்பும்.

யோசனை எளிது, போதாமையும் அதில்தான். கடந்த இரண்டு வாரங்களில் இணைந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் குத்தகை (லீஸ்) செல்லும். நீண்ட விடுப்பில் போய்த் திரும்பியவருக்கு வழி இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கும் இல்லை. இன்னார்க்கு இன்ன இயந்திரம் என்று ஒதுக்கப்பட்ட டெஸ்க்டாப்புகளுக்கும் சர்வரிலிருந்து வரும் செயலிகளுக்கும் இது பொருந்தியது. ஆனால் பொதுக் குவியலிலிருந்து எடுத்துத் தரும் பூல்டு டெஸ்க்டாப்புகளுக்குப் பொருந்தவில்லை. கன்ட்ரோலரின் வட்டில் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் ஓயாமல் எழுதப்படுவதும் ஒரு தனிச் சுமை. இடைக்கால உதவியாக அது நின்றது, அவ்வளவே.

லோக்கல் ஹோஸ்ட் கேஷ் திரும்பி வந்தது

2016 டிசம்பரில் வெளியான 7.12இல் சிட்ரிக்ஸ் பழைய பெயரையே மீண்டும் எடுத்தது. உள்ளடக்கம் முற்றிலும் வேறு. இப்போது நகல் ஒவ்வொரு சர்வரிலும் அல்ல, ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் இருக்கிறது. அதற்கு ஆக்ஸஸ் கோப்பும் கிடையாது. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் லோக்கல்டிபி என்ற குட்டி டேட்டாபேஸ். கன்ட்ரோலரை நிறுவும்போது இது தானாகவே நிறுவப்படும்.

வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் டேட்டாபேஸ் தேவை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பது இதில்தான் தெரிகிறது. பயனரை இயந்திரத்தோடு இணைத்துவிடும் சேவைக்குப் புரோக்கர் என்று பெயர். ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் முதன்மை புரோக்கர் ஒன்று, இரண்டாம் நிலை புரோக்கர் ஒன்று. சாதாரண நாளில் முதன்மை புரோக்கர் மைய டேட்டாபேஸோடு பேசி எல்லா வேலையும் செய்கிறது. நடுவில் ஒரு ஒத்திசைவு சேவை, அமைப்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும். மாறியிருந்தால், மாறிய பகுதியை மட்டும் அல்ல, முழு அமைப்புத் தகவலையும் லோக்கல்டிபிக்கு நகலெடுக்கும். டேட்டாபேஸ் தொடர்பு அறுந்ததும் முதன்மை புரோக்கர் வேலையை நிறுத்திக்கொள்ளும், இரண்டாம் நிலை புரோக்கர் எழும். விடிஏக்கள் எல்லாம் அதனிடம் மீண்டும் பதிவு செய்துகொள்ளும். டேட்டாபேஸ் திரும்பியதும் அவை மறுபடி பழைய இடத்துக்கே வந்து பதிவாகும்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் விவரம் ஒன்று. சாதாரண நாளில் மூன்று கன்ட்ரோலர்கள் இருந்தால் சுமையை மூன்றும் பகிர்ந்துகொள்ளும். டேட்டாபேஸ் போன நேரத்தில் அப்படி இல்லை. ஒரு மண்டலத்துக்கு (ஒரே இடத்தில் உள்ள கன்ட்ரோலர்கள், இயந்திரங்களின் தொகுப்பு) ஒரே ஓர் இரண்டாம் நிலை புரோக்கர்தான் தேர்ந்தெடுக்கப்பட்டு, எல்லா விடிஏக்களையும் எல்லாப் பயனர்களையும் அது ஒன்றே தாங்கும். எது என்பதைக் கன்ட்ரோலர்களின் முழுப் பெயரின் அகரவரிசை தீர்மானிக்கிறது. திறன் அதிகமுள்ள சர்வர் எது என்று யாரும் பார்ப்பதில்லை. பெயரில் முதலில் வருவதற்கே வேலை. அதனால் மூன்றையும் ஒரே அளவில், ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்கும் அளவில் அமைப்பதுதான் சரி.

அதிலும் லோக்கல்டிபிக்கு வரம்பு இருக்கிறது. எக்ஸ்பிரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் ஒரே ஒரு சாக்கெட்டை (செயலி பொருந்தும் இடம்) மட்டுமே பயன்படுத்தும், அதில் அதிகபட்சம் 4 கோர்கள். நிர்வாகி கன்ட்ரோலருக்கு 8 மெய்நிகர் செயலிகள் கொடுத்திருக்கிறார், ஆனால் மெய்நிகராக்க மென்பொருளில் 8 சாக்கெட், சாக்கெட்டுக்கு 1 கோர் என்று அமைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லோக்கல்டிபிக்குக் கிடைப்பது 1 கோர். சாதாரண நாளில் இதனால் எந்தப் பாதிப்பும் தெரியாது. டேட்டாபேஸ் விழுந்த காலையில், ஆயிரக்கணக்கான விடிஏக்கள் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வரிசையில் நிற்கும்போது தெரியும். சாக்கெட்டுக்கு 4 கோர் என்று மாற்றுவதற்குப் பைசா செலவில்லை.

7.12 வந்தபோது 5,000 விடிஏக்கள் வரைக்கும் என்று சொல்லப்பட்டது. 2017இல் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 7.15இல் அது மண்டலத்துக்கு 10,000 ஆனது. கனெக்ஷன் லீசிங் அப்புறம் நீக்கப்பட்டது.

டேட்டாபேஸ் இல்லாத நேரத்தில் எதெல்லாம் நடக்காது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிர்வாகத் திரையான ஸ்டூடியோ திறக்காது, எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. இயந்திரங்களை இயக்கவோ அணைக்கவோ முடியாது, ஏனென்றால் மெய்நிகராக்க மென்பொருளுக்குள் நுழையும் கடவுச்சொற்கள் மைய டேட்டாபேஸ் வழியாகத்தான் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைப் பயன்படுத்தலாம். அணைந்து கிடப்பதை எழுப்ப வழியில்லை. செலவைக் குறைக்க இரவில் எல்லாவற்றையும் அணைத்துவைக்கும் நிறுவனத்துக்கு, அதிகாலை 5 மணிக்கு டேட்டாபேஸ் போனால் லோக்கல் ஹோஸ்ட் கேஷ் இருந்தும் பயனில்லை.

மூன்று டேட்டாபேஸ், மூன்று குணம்

இப்போது அளவுக் கணக்குக்கு வருவோம். எஃப்எம்ஏவில் உண்மையில் மூன்று டேட்டாபேஸ்கள் இருக்கின்றன. சைட் டேட்டாபேஸ் மேலே சொன்ன உயிர்நாடி. கான்ஃபிகரேஷன் லாகிங், எந்த நிர்வாகி எப்போது எதை மாற்றினார் என்பதைக் குறித்துவைக்கும். மானிட்டரிங், டைரக்டர் என்ற கண்காணிப்புத் திரையில் தெரியும் வரலாறு முழுவதையும் வைத்திருக்கும்: உள்நுழைய எத்தனை நொடி ஆனது, எந்த இணைப்பு ஏன் தோற்றது, எந்தச் சர்வரில் சுமை எவ்வளவு.

மூன்றில் மிக முக்கியமான சைட் டேட்டாபேஸ்தான் அளவில் சிறியது. பல்லாயிரம் டெஸ்க்டாப்புகள் இருந்தாலும் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். பெருத்துப்போவது மானிட்டரிங். மேல்நிலை உரிமத்தில் 90 நாள் விவரங்களை இயல்பாகவே சேர்த்துவைக்கிறது. கீழ்நிலை உரிமங்களில் அந்தக் காலம் குறைவு. ஒவ்வோர் இயந்திரத்திலும் ஓடும் ஒவ்வொரு செயல்முறையையும் பதிவு செய்யும் வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், அதைத் திறந்தால் இந்த டேட்டாபேஸ் வீங்கும் வேகம்தான்.

7 வரிசையின் ஆரம்பப் பதிப்புகளில், நிறுவும்போது மூன்றும் ஒரே டேட்டாபேஸுக்குள்ளேயே தொடங்கின. பிரித்துவைக்கச் சொல்லி சிட்ரிக்ஸ் பரிந்துரைத்தது. பிரிக்கும் வேலை நிர்வாகியின் பொறுப்பாக விடப்பட்டது. இதோடு எக்ஸ்பிரஸ் பதிப்பையும் சேர்த்தால் ஆபத்து முழுமையாகும். 2022 பதிப்பு வரை எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி எல்லை உண்டு. நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் தரவுக்கும் ஏறத்தாழ 1.4 ஜிபி என்ற எல்லை உண்டு. ஒரே டேட்டாபேஸுக்குள் மானிட்டரிங் வரலாறு பெருத்து 10 ஜிபியைத் தொட்டால், அதற்குள்ளேயே இருக்கும் சைட் தகவலையும் எழுத இடமிருக்காது. யாரும் பார்க்காத பழைய புள்ளிவிவரங்களால் இன்றைய உள்நுழைவு நின்றுபோகும். என் கருத்தில் எக்ஸ்பிரஸ் சோதனைக்கூடத்துக்கும், டெஸ்க்டாப் இல்லாமலும் ஒரு நாள் ஓட்டிவிடலாம் என்று சொல்லக்கூடிய சிறிய இடத்துக்கும் மட்டும்தான். எக்ஸ்பிரஸில் நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் சேவை இல்லாததால், பேக்கப்புக்கும் வேறு வழி தேட வேண்டும்.

கான்ஃபிகரேஷன் லாகிங் பற்றி ஒன்றே ஒன்று. அந்த டேட்டாபேஸ் கிடைக்காவிட்டாலும் மாற்றங்களை அனுமதிக்கலாமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. தணிக்கைக்காக அனுமதிக்கக் கூடாது என்று வைத்தால், அது நின்ற நேரத்தில் நிர்வாகியின் கையும் நின்றுவிடும். வங்கிகளில் அது சரியான தேர்வாகவே இருக்கலாம்; தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாற்று சர்வர் இருந்தும் விழும் இடங்கள்

லோக்கல் ஹோஸ்ட் கேஷ் இருப்பதால் எஸ்க்யூஎல் பக்கம் மாற்று ஏற்பாடு வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. மேலே சொன்ன முடியாதவற்றின் பட்டியலே அதற்குக் காரணம். ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்க, எஸ்க்யூஎல் சர்வரில் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் உண்டு, மிரரிங் உண்டு, 2012 பதிப்பு முதல் அவெய்லபிலிட்டி குரூப் உண்டு. அதே 2012இல் மிரரிங் கைவிடப்படப்போகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. 2016இல் ஸ்டாண்டர்டு பதிப்புக்கும் எளிய வடிவிலான அவெய்லபிலிட்டி குரூப் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு குரூப்புக்கு ஒரு டேட்டாபேஸ் மட்டுமே. சிட்ரிக்ஸின் மூன்றுக்கும் மூன்று குரூப் அமைக்க வேண்டும்.

இவற்றை அமைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் இடங்களிலும் இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன.

முதலாவது, டிரான்ஸாக்‌ஷன் லாக். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு அது. மிரரிங்குக்கும் அவெய்லபிலிட்டி குரூப்புக்கும் டேட்டாபேஸ் ஃபுல் ரெகவரி நிலையில் இருந்தாக வேண்டும். அந்த நிலையில், லாகைத் தனியாகப் பேக்கப் எடுக்கும் வரை அதில் எழுதப்பட்ட இடம் விடுவிக்கப்படாது. தினமும் இரவு முழு பேக்கப் எடுத்தாலும் லாக் காலியாகாது. லாக் பேக்கப் வேறு, முழு பேக்கப் வேறு. ஆயிரக்கணக்கான விடிஏக்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் இந்த டேட்டாபேஸில் அந்த லாக் அமைதியாக வளர்ந்துகொண்டே போகும். சைட் டேட்டாபேஸ் 300 எம்பிதானே என்று சிறிய வட்டு ஒதுக்கியிருந்தால், ஒரு நாள் வட்டு நிரம்பி 9002 என்ற பிழை எண் வரும். எழுத்து நின்றுவிடும். இரண்டாவது சர்வர் கைகொடுக்காது, ஏனென்றால் இது சர்வர் செத்த சம்பவம் அல்ல. லாகை 15 நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒருமுறை பேக்கப் எடுப்பது இங்கே அடிப்படைத் தேவை. மென்பொருளின் தேவைப் பட்டியலில் டேட்டாபேஸின் அளவைப் பார்ப்பவர்கள் இந்த லாகின் அளவைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாவது, லாகின், அதாவது எஸ்க்யூஎல் சர்வருக்குள் நுழைய அனுமதிக்கும் கணக்கு. கன்ட்ரோலர்கள் டேட்டாபேஸுக்குள் நுழைவது விண்டோஸ் அங்கீகாரம் வழியாக, தங்கள் கணினிக் கணக்கின் பெயரில். எஸ்க்யூஎல் லாகினுக்கு ஆதரவு கிடையாது. அவெய்லபிலிட்டி குரூப் டேட்டாபேஸையும் அதற்குள் இருக்கும் பயனர்களையும் இரண்டாவது சர்வருக்குக் கொண்டுபோகும். வழக்கமான வகையில், சர்வர் மட்டத்தில் இருக்கும் லாகினை எடுத்துப்போகாது. ஓராண்டு கழித்து நான்காவது கன்ட்ரோலரைச் சேர்க்கிறார்கள். லாகின் முதல் சர்வரில் மட்டும் உருவாகிறது. எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஒரு நாள் முதல் சர்வர் விழுந்து, டேட்டாபேஸ் இரண்டாவது சர்வரில் சில நொடிகளில் எழுந்துவிடுகிறது. நான்காவது கன்ட்ரோலரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. டேட்டாபேஸ் நிர்வாகியின் திரையில் எல்லாம் பச்சை நிறம், டெஸ்க்டாப் நிர்வாகியின் திரையில் சிவப்பு. இரண்டு குழுக்களும் தங்கள் பக்கம் சரி என்று வாதிடும் நேரம் அது. கன்ட்ரோலர் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பிரதிகளிலும் லாகினை உருவாக்குவதை வேலைப் பட்டியலில் எழுதிவைப்பதே இதற்கு மருந்து.

பெரிய நிறுவனங்களில் எஸ்க்யூஎல் சர்வரில் சிஸ்அட்மின் என்ற முழு நிர்வாக உரிமையை டெஸ்க்டாப் குழுவுக்குத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அதற்கு ஸ்டூடியோ ஸ்கிரிப்டுகளை உருவாக்கித் தரும், டேட்டாபேஸ் நிர்வாகி அவற்றை எஸ்க்யூஎல்சிஎம்டி முறையில் ஓட்டித் தரலாம். டேட்டாபேஸை அவரே முன்கூட்டி உருவாக்குவதாக இருந்தால் கொலேஷனைக் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) கவனிக்கச் சொல்லுங்கள்: லத்தீன்1 ஜெனரல் 100, அதோடு எழுத்தின் பெரிது சிறிது வேறுபாட்டைப் பொருட்படுத்தாத வகை. ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் என்ற அமைப்பையும் இயக்கிவிட வேண்டும். காலை நேரக் கூட்டத்தில் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுத்து நிற்பதை அது குறைக்கும்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

விஎம்வேர் ஹொரைசன் (இப்போது ஆம்னிசா ஹொரைசன்) இதே சிக்கலுக்கு வேறு வழி எடுத்தது. அதன் கனெக்ஷன் சர்வர்கள் அமைப்புத் தகவலை எஸ்க்யூஎல்லில் வைப்பதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஏடி எல்டிஎஸ் என்ற டைரக்டரியில் வைத்து, தங்களுக்குள் நகலெடுத்துக்கொள்கின்றன. எஸ்க்யூஎல் சர்வரோ ஆரக்கிளோ நிகழ்வுகளைப் பதிவு செய்யவும், லிங்க்டு குளோன்களை (ஒரு மூல வட்டைப் பகிரும் இயந்திர நகல்கள்) உருவாக்கும் கம்போஸருக்கும்தான் தேவைப்பட்டது. நிகழ்வு டேட்டாபேஸ் விழுந்தால் வரலாறு போகும், உள்நுழைவு தொடரும். பின்னால் ஹொரைசன் 8 வரிசையில் கம்போஸரே நீக்கப்பட்டது. தினசரி ஓட்டத்துக்கு இது பாதுகாப்பான வழி. விலையையும் சொல்ல வேண்டும்: அந்த டைரக்டரி நகலெடுப்பு ஒரே உள்ளூர் வலையமைப்புக்குள்தான். தொலைவில் உள்ள இரண்டு தரவு மையங்களை இணைக்க 2014இல் தனியாக ஓர் ஏற்பாடு வர வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்ட்டின் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸில் ஒற்றை கனெக்ஷன் புரோக்கர் தன்னுள்ளேயே இருக்கும் விண்டோஸ் இன்டர்னல் டேட்டாபேஸில் ஓடும். 2012 முதல் இரண்டு புரோக்கர்களை ஒரே நேரத்தில் இயக்க வேண்டுமென்றால் பொதுவான எஸ்க்யூஎல் சர்வர் வேண்டும். 2016இல் அஷ்யூர் எஸ்க்யூஎல்லுக்கும் இடம் கொடுத்தார்கள். புரோக்கர் இரண்டாகிறது, எஸ்க்யூஎல் ஒன்றாகவே நின்றால் விழும் புள்ளி இடம் மாறுகிறதே தவிர மறையவில்லை.

மேகத்துக்குப் போனால் இந்தத் தலைவலி தீருமா? சிட்ரிக்ஸின் மேகச் சேவையில் டேட்டாபேஸ் நிறுவனத்தின் கையில். ஆனால் அங்கும் வாடிக்கையாளரின் கிளவுட் கனெக்டர்களில் (மேகத்தோடு இணைக்கும் உள்ளூர்ச் சர்வர்கள்) லோக்கல் ஹோஸ்ட் கேஷ் ஓடுகிறது. அறுபடும் இடம் எஸ்க்யூஎல் சர்வருக்குப் பதில் இணைய இணைப்பு. கனெக்டருக்குக் கொடுக்கும் செயலியும் நினைவகமும், ஒரே ஒரு கனெக்டர் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்ற கணக்கும் அப்படியே தொடர்கின்றன.

சோதித்துப் பார்ப்பது

இவ்வளவையும் அமைத்த பிறகு, வேலைப்பளு குறைந்த ஒரு நாளில் லோக்கல் ஹோஸ்ட் கேஷை வேண்டுமென்றே இயக்கிப் பார்க்கலாம். கன்ட்ரோலரின் ரெஜிஸ்ட்ரியில் அவுட்டேஜ்மோட்ஃபோர்ஸ்டு என்ற மதிப்பை எல்லாக் கன்ட்ரோலர்களிலும் 1 ஆக்கினால், எஸ்க்யூஎல் சர்வரைத் தொடாமலேயே டேட்டாபேஸ் போனதுபோல நடந்துகொள்ளும். நிகழ்வுப் பதிவில் 3502 வந்தால் இரண்டாம் நிலை புரோக்கர் பொறுப்பேற்றுவிட்டது. 3503 வந்தால் பழைய நிலை திரும்பிவிட்டது. அதற்கு முன்பே 505 என்று தென்பட்டால் ஒத்திசைவு தோற்றிருக்கிறது என்று அர்த்தம். நகலில் இருப்பது பழைய தகவல், சோதனையைத் தொடங்கக் கூடாது.

அந்தச் சோதனையில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எல்லா விடிஏக்களும் மீண்டும் பதிவாக எத்தனை நிமிடம் ஆகிறது என்பது. அந்த நிமிடங்களில் புதிதாக வருபவர்கள் காத்திருப்பார்கள். ஸ்டோர்ஃபிரன்டில் எல்லாக் கன்ட்ரோலர்களின் பெயரும் இருக்கிறதா என்பதும் இங்கேதான் வெளிப்படும். அகரவரிசையில் தேர்வான கன்ட்ரோலர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், விடிஏக்கள் எல்லாம் அதனிடம் பதிவாகியும் பயனர்களுக்குக் கதவு திறக்காது.

இன்னொன்று, பூல்டு டெஸ்க்டாப்புகள். ஒருவர் வெளியேறியதும் இயந்திரம் மறுதொடக்கமாகித் துடைக்கப்பட வேண்டும் என்பது அவற்றின் விதி. டேட்டாபேஸ் இல்லாத நேரத்தில் இயந்திரத்தை அணைத்து எழுப்ப முடியாது என்பதால், இயல்பான அமைப்பில் லோக்கல் ஹோஸ்ட் கேஷ் அவற்றை யாருக்கும் தராது. குழு வாரியாக இதை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றினால், முந்தையவர் விட்டுச்சென்ற கோப்புகளும் தடயங்களும் அப்படியே இருக்கும் இயந்திரம் அடுத்தவர் கைக்குப் போகலாம். மருத்துவமனை வார்டில் நோயாளி விவரம் திறந்துகிடந்த டெஸ்க்டாப்பா, பயிற்சி வகுப்பு டெஸ்க்டாப்பா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் பாதுகாப்புக் குழுவின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.